‘லைஃப்’ படத்தை மதிப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெட் டெம்மி இயக்கி 1999 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான ‘லைஃப்’ திரைப்படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்லும் கருத்துகளில் இரண்டு மனக்குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிரிக்கலாம் என்று வந்தோம், பிற்பாதியில் கலங்க வைத்துவிட்டார்கள் என்பது ஒன்று. இத்தனை பெரிய அநீதியைச் சொல்லும் கதையில் நகைச்சுவைக்கு என்ன வேலை என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தெரிந்தாலும் சிரிப்பை ஒரு தட்டிலும் சிறையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கும் பழக்கத்திலிருந்துதான் இரண்டுமே பிறக்கின்றன. இந்தப் படத்தில் அவை பிரிக்கக்கூடியவை அல்ல.

கதை 1932இல் தொடங்குகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ரே கிப்சனும் கிளாட் பேங்க்சும் கள்ளச் சாராயம் வாங்கி வர மிசிசிப்பிக்குப் போகிறார்கள். அங்கே செய்யாத கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்று, அறுபத்தைந்து ஆண்டுகளைச் சிறையில் கழிக்கிறார்கள். ரேயாக எடி மர்ஃபியும் கிளாடாக மார்ட்டின் லாரன்சும் நடித்ததால், இருவரின் வாய்த்துடுக்கை மட்டுமே எதிர்பார்த்துப் பலர் படத்துக்குள் நுழைகிறார்கள். அந்த எதிர்பார்ப்பை வைத்துப் பார்க்கிறவருக்குப் படம் பாதியில் தடம் மாறியதாகவே தோன்றும். உண்மையில் இவர்கள் தொடக்கத்தில் நண்பர்களே அல்லர். தன் வாழ்க்கை பாழானதற்கு ரேதான் காரணம் என்று கிளாட் நினைக்கிறான். பின்னர் மனத்தாங்கல் முற்றி, பல ஆண்டுகள் ஒருவரோடொருவர் பேசாமலே ஒரே முகாமில் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகள் கடப்பதைக் காட்டும்போது உடனிருந்த கைதிகள் திரையிலிருந்து ஒவ்வொருவராக மங்கி மறைகிறார்கள். நட்பைப் பற்றிய படம் என்று எழுதுகிறவர்கள் இந்த நீண்ட மௌனத்தை விட்டுவிட்டால், எழுதுவது பாதிப் படத்தைப் பற்றித்தான்.

மிகவும் வருந்தத்தக்க தவறு, அந்தச் சிறையைக் கற்பனை என்று கருதிவிடுவது. மதிலும் இல்லை, கம்பிக் கதவும் இல்லை, இது என்ன சிறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மிசிசிப்பி மாநில அரசு 1901இல் நிலம் வாங்கித் தொடங்கிய பார்ச்மன் சிறைப்பண்ணை அப்படித்தான் இருந்தது. ஏறத்தாழ எழுபது சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த வயல்வெளியில், பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகள் பருத்தி விளைவித்தார்கள். வருமானம் மாநிலக் கருவூலத்துக்குப் போனது. மதிலுக்குப் பதிலாக இருந்தது துப்பாக்கிக் கோடு. அதைத் தாண்டுகிறவரைச் சுடலாம் என்பதே விதி. அதைவிடக் கொடுமை, துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றவர்களில் பலர் நிர்வாகம் தேர்ந்தெடுத்த கைதிகளே என்பதுதான். கைதியைக் கைதியே சுடும் இந்த ஏற்பாட்டையும் முகாம்களை இனவாரியாகப் பிரித்து வைத்திருந்ததையும் நீதிபதி வில்லியம் கீடி 1972இல் வழங்கிய தீர்ப்புதான் முறித்தது. இது தெரிந்த பிறகு முதல் நாள் முகாம் காட்சியைப் பார்த்தால், காவலர் வேலியில்லாத வெட்டவெளியைக் காட்டி எச்சரிக்கும்போது எழுகிற சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். அப்படி நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு பார்ச்மனை அறிந்துகொண்டதாக எண்ணக் கூடாது. தோலுரியும்படி வார் கொண்டு அடிப்பது அங்கே அன்றாடத் தண்டனையாக இருந்தது. படம் அதன் முழுக் கொடுமைக்குள் போவதில்லை. 1961இல் பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த விடுதலைப் பயணிகள் அதே சிறையில் அடைக்கப்பட்ட வரலாறும் கதைக்குள் வரவில்லை. சிறைக் கண்காணிப்பாளர் வில்கின்சை இறுதியில் இரக்கமுள்ளவராகக் காட்டியதில் எனக்கு மனநிறைவில்லை. ஒரு தனிமனிதரின் நல்ல மனத்தைக் காட்டும்போது அந்த அமைப்பின் குற்றம் சற்றே பின்னுக்குப் போகிறது. படத்தைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் இங்கே நின்று குறை சொல்லலாம். நகைச்சுவையையே குற்றமாகச் சொல்வது பொருந்தாது. அந்த வயல்களில் கோடரி வீச்சின் தாளத்துக்குப் பாடப்பட்ட வேலைப்பாடல்களை நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1940களில் நேரில் சென்று பதிவு செய்தார். அவற்றில் துயரத்தோடு கிண்டலும் சேர்ந்தே ஒலிக்கிறது. அங்கே வாடியவர்களே சிரித்திருக்கிறார்கள்.

பிஸ்கட் என்னும் கைதியின் முடிவைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ரே தன் சோளரொட்டியைக் கொடுக்க மறுத்து அடிவாங்கும் காட்சியை நினைவுகூராதவர் இல்லை. பிஸ்கட்டை நினைவுகூர்பவர் குறைவு. ஆண்களை விரும்பும் அந்த இளைஞனை முகாமில் எல்லோரும் கேலியோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். விடுதலை உத்தரவு வந்ததும், இப்படியொருவனாக வீட்டுக்குத் திரும்பி உறவினர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அஞ்சி, துப்பாக்கிக் கோட்டை வேண்டுமென்றே தாண்டி ஓடிச் சுடப்பட்டுச் சாகிறான். இதைத் திடீரென்று திணித்த சோகம் என்பவர்கள், அதுவரை அவனை வைத்துத் தாங்களும் சிரித்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிறையைவிட வெளியுலகம் ஒருவனுக்கு அச்சமூட்டுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

வசூலைப் பார்வையாளர் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் வேண்டாம். ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலக அளவில் 7.3 கோடி டாலர் அளவுக்கே ஈட்டியது என்பதால் தோல்விப் படம் என்று எழுதிவிடுகிறார்கள். திரையரங்குக் கணக்கு அதுதான். ஆனால் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் இந்தப் படம் தொலைக்காட்சியிலும் குறுந்தகட்டிலும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டு, அதன் வசனங்கள் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. முதுமை ஒப்பனையைப் பற்றி மட்டும் பேசி முடிப்பதும் போதாது. ரிக் பேக்கரின் அந்த வேலை ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது உண்மைதான். ஆயினும் முதியவர்களாக வரும் இருவரின் குரலும் நடையும் கவனிக்கப்படாமல் போகக் கூடாது.

துணைத்தலைப்புகளோடு பார்க்கும் நம்மவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பேச்சுக்கும் மிசிசிப்பி நாட்டுப்புறப் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் முற்பாதியின் நகைச்சுவை பெரிதும் அமைந்திருக்கிறது. துணைத்தலைப்பு இரண்டையும் ஒரே மொழியாக்கிவிடும். எனவே வசனத்தில் சுவையில்லை என்று சொல்லுமுன் அதே காட்சியைக் காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முடிவு நம்பும்படி இல்லை என்ற குறையைத்தான் அதிகம் கேட்கிறேன். முடிவை இங்கே வெளிப்படுத்தப் போவதில்லை. படத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் அதை வெளிப்படுத்தாதிருப்பது நல்லது. ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். இந்தக் கதை முழுவதையும் 1997இல், சிறைக் கல்லறைத் தோட்டத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்து சொல்கிறவர் வில்லி லாங் என்ற முதிய கைதி. புதைகுழி அருகே நின்று கேட்பவர்கள் இரண்டு இளம் கைதிகள். தன் ஆயுளை அங்கேயே கழித்த ஒருவர், இனிமேல் தங்கள் ஆயுளைத் தொடங்கப்போகும் இருவரிடம் சொல்லும் கதை அது.