ஆணி அடிக்காமல் ஒரு வீட்டை நம் வீடாக்குவது

பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே கடைக்கு ஓடாதீர்கள். வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் கர்ட்டன், கார்பெட், சுவரில் ஒட்டும் மரக்கிளை ஸ்டிக்கர் என்று வாங்கிக் குவிக்கத்தான் கை பரபரக்கும். முதல் இரண்டு வாரம் எதுவும் வாங்காமல் வீட்டைக் கவனியுங்கள். காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, தரையில் எதுவரை நீள்கிறது, மத்தியானம் எந்தச் சுவர் கொதிக்கிறது, காற்று எந்தப் பக்கம், யாரும் சொல்லாமலே வீட்டு ஆட்கள் எங்கே போய் உட்காருகிறார்கள், இதெல்லாம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சென்னையில் நாங்கள் இருப்பது நான்காவது வாடகை வீடு. ஹாலில் சோபா இருந்தும் அம்மா தினமும் சமையலறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வார். சோபாவை இடம் மாற்றிப் பார்த்தோம், திருப்பிப் போட்டுப் பார்த்தோம், அவர் அங்கேயேதான். கடைசியில் அந்த இடத்துக்கே ஒரு பாய், முதுகுக்கு ஒரு திண்டு, பக்கத்தில் ஒரு விளக்கு என்று செய்து கொடுத்தோம். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் சோபாவைத் தாண்டிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: ஆட்கள் ஏற்கெனவே உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே செலவு செய்யுங்கள்.

அடுத்தது வெளிச்சம். என்னைக் கேட்டால் இதில்தான் மனது வைக்க வேண்டும். பெரும்பாலான வாடகை வீடுகளில் சுவர் உச்சியில் ஒரு வெள்ளை டியூப் லைட் இருக்கும், பெட்டியைப் பார்த்தால் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கும். நீலம் கலந்த அந்த வெளிச்சம் காய் நறுக்கவும் பாடம் படிக்கவும் நல்லது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஹாலில் அது வேண்டாம். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை நீல வெளிச்சம் தள்ளிப்போடுகிறது. கடையில் ‘வார்ம் வொயிட்’ என்று கேளுங்கள், 2700 அல்லது 3000 கெல்வின், சாயங்கால வெயில் நிறத்தில் இருக்கும். ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒரு அறைக்கு இரண்டு போதும். ஆனால் பல்பின் நிறத்தை மட்டும் மாற்றி அதே உச்சியில் மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது, வெளிச்சம் கீழே இறங்கி வர வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில், மூலையில், சுவரைப் பார்த்து ஒரு விளக்கு வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணைக் குத்தாது. அம்மா பக்கத்தில் இருக்கும் விளக்குக்கு நாங்கள் ஷேடு வாங்கவில்லை. ஊரிலிருந்து பலகாரம் வந்த பனையோலைக் கூடையைக் கவிழ்த்து, அடியில் ஹோல்டர் நுழையும் அளவுக்குத் துளை போட்டோம். சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் ஓலைப் பின்னலின் இடுக்கு வழியாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெளிச்சம் சுவரில் விழும், ஃபேன் காற்றில் கூடை ஆடும்போது கட்டங்களும் மெல்ல ஆடும். ஒன்று மட்டும், இதற்கு எல்இடி பல்பைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள், பழைய குண்டு பல்பின் சூட்டில் ஓலை கருகும். எல்இடிக்கும் ஓலைக்கும் நடுவில்கூட நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

நாற்காலியை டிவியைப் பார்த்துப் போடுவது வழக்கம். வீட்டில் ஒரு நாற்காலியாவது ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும், அதுவும் மரம் தெரியும் ஜன்னலாக இருந்தால் விடவே விடாதீர்கள். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்ததில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் பின்பக்க ஜன்னலில் பக்கத்து மனையின் வேப்பமரம் தெரிகிறது. வேலை முடிந்து வந்ததும் போனை உள்ளே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அங்கே உட்காருவேன். மரமே தெரியவில்லை என்றால் வானம் தெரிந்தாலும் சரி.

கர்ட்டனுக்கு வருவோம். தயவுசெய்து முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். யாரும் கட்டாமல் மடிப்பிலேயே இற்றுக்கொண்டிருக்கும் பருத்திச் சேலை ஒன்றாவது இருக்கும். ஒரு சேலை சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. ஏழரை அடியாக இரண்டு துண்டு வெட்டினால் ஒரு கதவுக்கு இரண்டு திரை, மேலே ராடு நுழைக்க மடித்துத் தைக்கவும் துணி இருக்கும். மிச்சம் மூன்று அடி. முந்தி பக்கம்தான் அந்த மிச்சம் வருமாறு பார்த்து வெட்டுங்கள், அதில் பதினாறு அங்குலக் குஷன் உறை இரண்டு தைக்கலாம். சேலையின் கரை நீளவாக்கில் ஓடுவதால், தொங்கவிடும்போது இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை கரை இறங்கும், தனியாக பார்டர் வைத்துத் தைக்க வேண்டியதே இல்லை. பாட்டியின் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை எங்கள் ஹால் ஜன்னலில் தொங்குகிறது. சுங்குடியின் புள்ளி ஒவ்வொன்றும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தது, முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். காலை ஏழு மணி வெயில் பின்னால் விழும்போது அந்தப் புள்ளிகள் மட்டும் எரிகிற மாதிரித் தெரியும். பாட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சேலை இப்படியும் இருக்கும் என்று அப்போது தெரியாது. மேற்கு ஜன்னலாக இருந்தால், வெயில் படும் ஜன்னல் பக்கமாக வெள்ளைக் காடாத் துணி கொடுத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் ஒரே கோடையில் சாயம் வெளுத்துவிடும். ராடுக்காகச் சுவரில் துளை போட வேண்டாம். திருகினால் நீண்டு இரண்டு பக்கமும் இறுகிக்கொள்ளும் ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது, ஜன்னல் நிலைக்கு உள்ளேயே நிற்கும்.

சுவர்தான் வாடகை வீட்டில் பெரிய வம்பு. முந்தைய வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்னதால் ஒட்டும் கொக்கி வாங்கித் தாத்தா படத்தை மாட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி படம் கீழே கிடந்தது, கண்ணாடி சில்லு சில்லாக. கொக்கியோடு உள்ளங்கை அளவு பெயின்டும் உரிந்து வந்திருந்தது, அதற்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தக் கண்ணாடியைப் பொறுக்கும்போது வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ அடித்த சுவரில் ஒட்டும் கொக்கி நிற்காது. விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டினால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். டைல்ஸ், பீரோக் கதவு, கண்ணாடி இவற்றில் நன்றாக நிற்கும். கனமான படங்களை மாட்டவே வேண்டாம், ஷெல்ஃபிலோ ஒரு சின்ன பெஞ்சிலோ சாய்த்து வையுங்கள். பழைய வீடுகளில் படங்களைக் கதவு நிலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கும்படி மாட்டியிருப்பார்கள். பெஞ்சில் சாய்த்து வைத்தால் தாத்தா முகம் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கும், வருகிற குழந்தைகள் இது யார் என்று கேட்கும், கதை ஆரம்பிக்கும்.

தரைக்கு எங்கள் பக்கத்தில் கிடைப்பதை மிஞ்சிய பொருள் இல்லை. பவானி ஜமக்காளம் ஒன்று விரித்தால் போதும், வெறும் டைல்ஸ் தரையில் குரல் எதிரொலிப்பதும் குறையும், பத்துப் பேர் வந்தாலும் உட்காரலாம், முடிந்ததும் மடித்து வைத்துவிடலாம். பாய்க்கு, முடிந்தால் பத்தமடைக் கோரைப்பாய். வெயில் காலத்தில் படுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசலை மறந்துவிடாதீர்கள். அடுக்குமாடி வீட்டில் கதவுக்கு வெளியே இரண்டடி இடம் கிடைத்தாலே பாக்கியம். அதில் செருப்பு மலை போலக் கிடந்தால் வருகிறவருக்கு முதலில் தெரிவது அதுதான். ஒரு செருப்பு ஸ்டாண்ட், பெரியவர்கள் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஒரு முக்காலி, மிச்ச இடத்தில் கையால் போட்ட கோலம். ஐந்து புள்ளிக் கோலமாக இருந்தாலும் சரி, ஸ்டிக்கர் கோலம் எனக்குப் பிடிப்பதில்லை, அது எந்த நாளும் ஒரே மாதிரி இருக்கிறது.

மணமும் சத்தமும் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிறீச்சிடும் கதவுக் கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள் (தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகித் தூசி பிடிக்கும்). ஜன்னல் கம்பியில் ஒரு பிடி வெட்டிவேரைக் கட்டிச் சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் காற்றோடு மணம் உள்ளே வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடானால் அதையே தொடருங்கள், புதிதாக எதுவும் வேண்டாம்.

செடி வையுங்கள், ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்க வேண்டாம். எல்லோரும் மேற்கோள் காட்டும் 1989-ம் வருட நாசா ஆய்வு, காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் செய்தது. நம் வீட்டில் ஜன்னலைத் திறந்தாலே அதைவிட அதிகம் நடந்துவிடும். பார்க்கப் பச்சையாக இருக்கிறது, காலையில் தண்ணீர் ஊற்ற ஒரு வேலை இருக்கிறது, அது போதாதா. மேற்கு பால்கனிக்கு நித்தியகல்யாணி, கற்றாழை தாங்கும். உள்ளே பாட்டிலில் மணி பிளான்ட் வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி பாட்டிலையும் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

அப்புறம், கழற்றிய டியூப் லைட், கர்ட்டன் கொக்கி எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றி, எந்த அறை என்று எழுதி பரணில் வைத்துவிடுங்கள். காலி செய்யும் நாளில் டெம்போ கீழே நிற்கும்போது அதைத் தேடி அலைய முடியாது. ஓனர் பொருளை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, கூடை விளக்கையும் சுங்குடித் திரையையும் மடியில் வைத்து எடுத்துப் போங்கள், லாரியில் போட வேண்டாம்.