ஒன்றுபோல் தோன்றும் பச்சைகளில் சுவருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெயின்ட் நிறங்களின் மாதிரி அட்டையான ஷேட் கார்டில் அருகருகே இருக்கும் இரண்டு இளம்பச்சைகள் கையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், சுவரில் பூசிய பின் ஒன்றில் மஞ்சளும் மற்றொன்றில் சாம்பலும் மேலெழுந்து நிற்கும். இரண்டிலும் கலந்துள்ள அடிச்சாயல் வேறாக இருப்பதே அதற்குக் காரணம்.

முதலில் அந்தச் சாயலைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைத் தாளின்மேல் இரண்டு பச்சைகளையும் ஒட்டினாற்போல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் புலப்படாவிட்டால், ஷேட் கார்டில் அந்தப் பச்சை உள்ள அதே பட்டையின் மிக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். இளநிறத்தில் ஒளிந்திருக்கும் நீலமோ மஞ்சளோ பெரும்பாலும் அதில் வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, அட்டையில் எல்.ஆர்.வி. எண் இருந்தால் ஒப்பிடுங்கள். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை குறிக்கும் அளவு அது. வெளிச்சம் குறைந்த அறைக்கு எண் கூடுதலாக உள்ளதையே நான் எடுப்பேன்.

பலரும் தவறுவது மாதிரி பூசும் படியில்தான். பழைய சுவரின் மீது நேரடியாகப் பூசினால், சுற்றியுள்ள பழைய நிறம் புதிய பச்சையைப் பற்றிய நம் கணிப்பை மாற்றிவிடும். ஆகவே வெள்ளை பிரைமர் அடித்த பெரிய அட்டையில், ஓரங்களில் வெள்ளை விளிம்பு விட்டு, இரண்டு கோட் பூசி முழுமையாக உலர விடுங்கள். ஈரமான எமல்ஷனின் (நீர் கலந்து பூசும் சுவர்ப் பெயின்ட்) நிறத்தை நம்பக் கூடாது. தூரிகையின் கோடுகள் நிழல் காட்டும் என்பதால் சிறிய ரோலரே நல்லது. உலர்ந்த அட்டையைத் தரையில் கிடத்தாமல் சுவரோடு சேர்த்து நிமிர்த்தி வைத்து, சன்னலுக்கு எதிர்ச்சுவர், பக்கச்சுவர், மூலை என இடம் மாற்றிப் பாருங்கள். அருகருகே வைக்கும்போது ஒரு பச்சை மற்றதன் சாயலைத் தூண்டிக் காட்டும். அதனால் இறுதி முடிவுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே பாருங்கள். கைப்பேசிப் படம் இதற்கு உதவாது, ஏனெனில் கேமரா வெண்மையைத் தானாகவே சரிசெய்து நிறத்தை மாற்றிவிடுகிறது.

இரவு விளக்கிலும் பார்த்தாக வேண்டும். விளக்கொளியின் நிறச்சாயலைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். 2700 கெல்வின் விளக்கு மஞ்சளைக் கூட்டும். 6500 கெல்வின் விளக்கு நீலத்தை முன்னிறுத்தும். நிறமிகள் வேறாக இருந்தால், பகலில் ஒத்திருந்த இரண்டு பச்சைகள் விளக்கொளியில் பிரிந்துவிடவும் கூடும். விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால், அதை முதலில் மாற்றிவிட்டு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பின்னர் சேர்த்தது: அட்டையில் பிடித்த நிறம் அறையில் அடர்ந்து தெரிவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். எதிரெதிர்ச் சுவர்கள் தம் பச்சையை ஒன்றன்மேல் ஒன்று எதிரொளிப்பதால் அப்படி ஆகிறது. ஐயம் இருந்தால் சற்றே சாம்பல் கலந்த பச்சைக்குப் போங்கள். மேட் (பளபளப்பில்லாதது), சாட்டின் (மெல்லிய பளபளப்புள்ளது) இவற்றுள் சுவருக்கு எது வரப்போகிறதோ அதிலேயே மாதிரியும் இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட டின்கள் வாங்கினால், நிறக்கலவையில் சிறு வேறுபாடு நேரலாம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொண்ட பிறகே பூசத் தொடங்குங்கள்.