கடுவன் பூனை முக்குது, யூரின் வரலையா? புதுசா பூனை வளக்குறவங்களுக்கு ஒரு செய்முறை

பூனை வாங்குன புதுசுல எல்லாரும் பூச்சி மருந்து, தடுப்பூசி, முடி கொட்டுறது இதப்பத்திதான் கேப்பாங்க, யூரின் பத்தி யாரும் கேக்குறதே இல்ல. வீட்ல இருக்குறது கடுவனா இருந்தா மொதல்ல தெரிஞ்சிக்க வேண்டியதே இதுதாங்க. மத்த பிரச்சனை பாதிக்கு மேல நாளைக்கு காலைல டாக்டர்ட்ட காட்டிக்கலாம், யூரின் அடைப்புக்கு அந்த நாளைக்குங்குறது கிடையாது. முழுசா அடைச்சிட்டா ஒரு நாளைக்குள்ளயே ரத்தத்துல கழிவு ஏற ஆரம்பிச்சிடும், ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும்.

பொட்டைப் பூனைக்கு ஏன் இவ்ளோ பயப்பட வேணாம்னா அதுக்கு யூரின் வர்ற பாதை குட்டையா, அகலமா இருக்கும். கடுவனுக்கு நீளம், அதுவும் நுனிகிட்ட போகப் போக ரொம்ப குறுகிடும். மூத்திரப்பைல ஊறுற சளி மாதிரி சமாச்சாரமும் பொடிப்பொடி உப்புக் கல்லும் சேர்ந்து ஒரு அடைப்பானா ஆயி அந்த நுனில போய் மாட்டிக்கும். சில பூனைக்கு கல்லே இருக்காது, பை வீங்கி, பாதையும் இறுகிப்போயி அடைச்சிக்கும், அதுக்கு பெரிய காரணம் ஸ்ட்ரெஸ்னு சொல்றாங்க. பெரும்பாலும் 2 வயசுலேர்ந்து 7 வயசுக்குள்ள, கொஞ்சம் குண்டா, வீட்டுக்குள்ளயே படுத்துக் கெடக்குற, காஞ்ச தீவனம் மட்டும் திங்கிற கடுவனுக்குத்தான் வரும்.

ஸ்டெப் 1: நார்மல் எப்படி இருக்கும்னு மொதல்ல பழகுங்க

இதுக்கு நோய் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இன்னிக்கே ஆரம்பிக்கணும். சாதாரணமா ஒரு பெரிய பூனை நாளைக்கு 2லேர்ந்து 4 தடவை யூரின் போகும். பூனை யூரின் போறதுக்கு ட்ரேல போடுற மண்ணு இருக்குல்ல, லிட்டர்னு விப்பாங்க, அதுல கட்டி பிடிக்கிற வகை போட்டீங்கன்னா அள்ளும்போதே எத்தன உருண்டை, எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சிடும். நம்ம பக்கம் நெறைய பேரு ஆத்து மணலோ மரத்தூளோ போட்டு சமாளிக்கிறாங்க, தப்பில்ல, ஆனா அதுல அளவு தெரியாது, அதனால டெய்லி ஒரு தடவையாவது அது ட்ரேல உக்காரும்போது நின்னு பாருங்க. உருண்டை திடீர்னு கோலிகுண்டு சைஸுக்கு சின்னதாயி எண்ணிக்கை மட்டும் கூடுச்சுன்னா அதுவே மொத எச்சரிக்கை. ரெண்டு வேளை அள்ளியும் ஒண்ணுமே இல்லன்னா எச்சரிக்கைலாம் தாண்டியாச்சு, நேரா ஸ்டெப் 5க்குப் போங்க.

வெளில மண்ணுல போய்ட்டு வர்ற பூனைன்னா இது எதுவுமே உங்களுக்குத் தெரியாது, அதான் அதுல உள்ள சிக்கல். வீட்டுக்குள்ளயும் ஒரு ட்ரே வச்சிப் பழக்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு காரணமே இதுதான்.

ஸ்டெப் 2: ஸ்ப்ரேயா, மலச்சிக்கலா, அடைப்பான்னு பிரிச்சுப் பாருங்க

இங்கதான் புதுசா வளக்குறவங்க நெறைய பேரு கோட்டை விடுறாங்க.

ஸ்ப்ரேன்னா, கருத்தடை பண்ணாத கடுவன் நின்ன வாக்குல வாலைத் தூக்கி ஆட்டிக்கிட்டே செவுத்துலயோ கதவுலயோ பீச்சி அடிக்கும். நாத்தம் தாங்க முடியாது, ஆனா யூரின் நல்லா வருது, பூனையும் ஜாலியா இருக்கும். அது எல்லை பிடிக்கிற வேலை, அவசரம் ஒண்ணும் இல்ல.

அடைப்புன்னா அப்படியே வேற. குந்தி உக்காரும், முதுகை வளைச்சு முக்கும், ஒண்ணும் வராது இல்ல ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வரும், எந்திரிச்சுப் போய் நாலு அடி தள்ளி மறுபடி குந்தும், பாத்ரூம் தரைல, வாஷ் பேசின்ல, உங்க பெட்லன்னு சம்பந்தமே இல்லாத எடத்துலலாம் உக்காந்து பாக்கும். நடுவுல அடிவயித்துக் குரல்ல ஒரு மாதிரி கத்தும். பின்பக்கத்தை விடாம நக்கும், நக்கி நக்கி நுனி செவந்து போயிருக்கும். யூரின்ல ரத்தம் கலந்து ரோஸ் கலர்லயும் வரலாம்.

மலச்சிக்கலுக்கும் இதே போஸ்லதான் முக்கும், அதனால பாதிப் பேரு 'மோஷன் வரல போல'ன்னு வெளக்கெண்ணெய் எடுத்து ஊத்திடுறாங்க. அத செய்யவே செய்யாதீங்க. கடுவன் முக்குச்சுன்னா அது யூரின் அடைப்புன்னே வச்சிக்கங்க, இல்லன்னு டாக்டர் சொல்லட்டும். மலச்சிக்கல்னு தெரிஞ்சு திரும்பி வந்தா ஆட்டோ காசு போச்சு அவ்ளோதான்.

சாப்பாடு வேணாங்கிறது, வாந்தி, மூலைல போய் சுருண்டுக்கிறது, ஒடம்பு சில்லுனு ஆவுறது, இதெல்லாம் கடைசிக் கட்டம். கத்திக்கிட்டு இருந்த பூனை திடீர்னு அமைதியாயிட்டா சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, பெரும்பாலும் அது மோசமாயிட்டதுக்கு அடையாளம்.

ஸ்டெப் 3: வயித்தை மெதுவா தொட்டுப் பாருங்க

பூனை நின்னுக்கிட்டு இருக்கும்போது பின்னங்காலுக்கு முன்னாடி, அடிவயித்துல ரெண்டு பக்கமும் விரலை வச்சு மெதுவா உணருங்க. சாதாரணமா அங்க கொழகொழன்னு இருக்கும், பெருசா ஒண்ணும் தட்டுப்படாது. அடைச்சிருந்தா கெட்டியா எலுமிச்சம்பழம் மாதிரி ஒண்ணு கைல படும், சில சமயம் அதவிடப் பெருசாவும் இருக்கும், தொட்டதுமே பூனை கத்தும் இல்ல கடிக்க வரும். கைல பட்டுச்சா, அதோட எடுத்துடுங்க. அமுக்குனா யூரின் வந்துடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரொம்ப நெறஞ்ச பை உள்ளயே வெடிச்சிடும். கைல ஒண்ணும் படலன்னாலும் அறிகுறி இருந்தா கிளம்பிடுங்க, குண்டுப் பூனைல தட்டுப்படுறது கஷ்டம்.

ஸ்டெப் 4: கிச்சனுக்குள்ள போகாதீங்க

நம்ம ஊர்ல மனுஷனுக்கு நீர்க்கடுப்புன்னா உடனே 'ஒடம்பு சூடு'ன்னு சொல்லி இளநீர், பார்லி தண்ணி, வாழைத்தண்டு ஜூஸ், நெருஞ்சில் கஷாயம்னு வரிசையா வரும், அதே பாசத்துல பூனைக்கும் சிரிஞ்சுல ஏத்துறாங்க. யோசிச்சுப் பாருங்க, வெளில போற வழி அடைச்சிருக்கு, உள்ள நீங்க தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா பை இன்னும் உப்பும், வலி இன்னும் கூடும்.

இதுல இளநீர்தான் ரொம்ப மோசம். யூரின் வெளியேறலன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், ஏறுனா இதயத்துடிப்பு கொறஞ்சு தாறுமாறாயி நின்னே போயிடும், அடைப்பு வந்த பூனை சட்டுனு சாகுறது பாதி இதனாலதான். இளநீர்ல இருக்குறதே பொட்டாசியம்தான் அதிகம். கடலூர்லயும் பாண்டிலயும் தெருவுக்குத் தெரு இளநீர் வண்டி நிக்குது, வெயில் காலத்துல நீங்க குடிங்க, பூனைக்கு இந்த நேரத்துல ஒரு சொட்டு கூட வேணாம்.

வலிக்குதேன்னு வீட்ல இருக்குற பாராசிட்டமால் மாத்திரைய உடைச்சு குடுக்குறதும் நடக்குது. பூனைக்கு பாராசிட்டமால் விஷம், கால் மாத்திரையே கூட உயிரை எடுத்துடும். இபுப்ரொஃபென் வகை வலி மாத்திரையும் அதே கதைதான். மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுத்துப் பாப்போம்ங்குறதும் நேர விரயம், வயசு கம்மியான பூனைகளுக்கு கிருமியால இது வர்றது அபூர்வம், மருந்து அடைப்பையும் எடுக்காது.

ஸ்டெப் 5: கிளம்புறது

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க, அதுல ஒரே ஒரு கேள்வி: "சார், பூனைக்கு யூரின் அடைச்சிருக்கு, கேத்தீட்டர் போடுவீங்களா?" நம்ம பக்கம் பல கால்நடை ஆஸ்பத்திரில மாடு ஆடுதான் அதிகம் பாப்பாங்க, கேத்தீட்டர்ங்குறது யூரின் பாதைக்குள்ள விடுற டியூப், பூனைக்கான மெல்லிசு டியூப் அவங்க கைவசம் இல்லாம இருக்கலாம். அங்க போய் உக்காந்து, பாத்து, ஊசி போட்டு, அப்புறம் வேற எடம் போங்கன்னு சொல்றதுக்குள்ள பாதி நாள் ஓடிடும். புதுச்சேரி பக்கம் இருக்குறவங்களுக்கு குரும்பாபேட்ல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க ஆஸ்பத்திரியும் உண்டு, ஓபி நேரத்த முன்னாடியே விசாரிச்சு வச்சிக்கங்க. கடலூர்லேர்ந்து பாண்டி 20, 25 கிலோமீட்டர்தான், ஆனா சாயங்கால டிராஃபிக்ல தவளக்குப்பம் அரியாங்குப்பம் தாண்டுறதுக்குள்ள உசிரு போயிடும், அதையும் கணக்குல எடுத்துக்கங்க. பிரைவேட் கிளினிக் ரெண்டு மூணோட நம்பர், ராத்திரில எடுப்பாங்களா மாட்டாங்களாங்குற தகவலோட போன்ல இப்பவே சேவ் பண்ணி வைங்க.

கூண்டு இல்லன்னா மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை போதும், அடில பழைய துண்டு, மேல ஒரு துணி. பைக்ல மடில வச்சிக்கிட்டு போறது வேணாம், வலில இருக்குற பூனை குதிச்சிடும்.

டாக்டர்ட்ட சொல்ல வேண்டியது: கடைசியா எப்ப நல்லா யூரின் போச்சு, எப்பலேர்ந்து முக்குது, வாந்தி உண்டா, என்ன சாப்பாடு, கருத்தடை ஆயிடுச்சா, முன்னாடி இப்படி வந்திருக்கா, ஏதாவது மருந்து குடுத்தீங்களா. குடுத்திருந்தா மறைக்காதீங்க, திட்டுனா திட்டட்டும்.

ஸ்டெப் 6: ஆஸ்பத்திரில என்ன நடக்கும்

பாக்க பயமா இருக்கும், அதனால முன்னாடியே தெரிஞ்சிக்கிறது நல்லது. ரத்தம் எடுத்து கிரியேட்டினின், யூரியா, பொட்டாசியம் பாப்பாங்க, டிரிப்ஸ் ஏத்துவாங்க. பொட்டாசியம் ரொம்ப ஏறியிருந்தா இதயத்தைக் காப்பாத்த கால்சியம் ஊசி போடுவாங்க. அப்புறம் மயக்கமோ அரை மயக்கமோ குடுத்து மெல்லிசு டியூபை உள்ள விட்டு, சலைனை பீச்சி அடைப்பத் தள்ளி எடுப்பாங்க. பெரும்பாலும் அந்த டியூபை ஒண்ணு ரெண்டு நாள் அப்படியே விட்டு வைப்பாங்க, சில பூனைக்கு மூணு நாளும் ஆவும், புடுங்காம இருக்க கழுத்துல கூம்பு மாட்டுவாங்க. அடைப்பு எடுத்ததும் யூரின் கொட்டோ கொட்டுன்னு கொட்டும், அந்த அளவுக்கு டிரிப்ஸும் ஏத்தியாகணும், அதுக்குத்தான் உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க. கல்லு இருந்தா எந்த வகைன்னு கேளுங்க: ஸ்ட்ரூவைட்னா அதுக்குன்னு இருக்குற சாப்பாட்டுல கரைய வாய்ப்பு உண்டு, கால்சியம் ஆக்ஸலேட் எந்த சாப்பாட்டுக்கும் கரையாது, பைல பெரிய கல்லா இருந்தா ஆபரேஷன்தான். நம்ம ஊர்ல இப்ப வீட்டுக்கு வீடு பெர்ஷியன் வந்துடுச்சு, ஆக்ஸலேட் கல்லு அதுங்களுக்கு கொஞ்சம் அதிகம். செலவையும் கூச்சப்படாம மொதல்லயே கேட்டுடுங்க, பாதில நிறுத்துறதுக்கு அது மேல்.

ஸ்டெப் 7: வீட்டுக்கு வந்த மொத வாரம்

டியூபை எடுத்த மொத சில நாள்தான் மறுபடி அடைக்கிற நேரம். அதனால தனி ரூம், தனி ட்ரே, வேற பூனை உள்ள வரக்கூடாது, அப்பத்தான் யாரு போனதுன்னு குழப்பம் வராது. யூரின் லேசா ரோஸ் கலர்ல வர்றதும், அடிக்கடி போய் கொஞ்சமா போறதும் சில நாள் இருக்கும், பயப்பட வேணாம், ஆனா வரவே இல்லன்னா அன்னிக்கே திரும்பக் கூட்டிட்டுப் போயிடணும். நல்லா ஆயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் டாக்டர் குடுத்த மருந்த பாதில நிறுத்தாதீங்க.

ஸ்டெப் 8: மறுபடி வராம பாத்துக்கிறது

எல்லாத்துக்கும் மேல தண்ணி. பூனை பிறவியிலயே தண்ணி கம்மியா குடிக்கிற ஜாதி, அதோட தண்ணி சாப்பாட்டு வழியா போகணும். காஞ்ச தீவனத்துல 10 சதவீதம் சுமார்தான் ஈரம், பவுச்ல வர்ற ஈரச் சாப்பாட்டுல 80 சதவீதம் வரைக்கும் இருக்கும். 4 கிலோ பூனைக்கு சாப்பாட்டுல உள்ளதயும் சேத்து நாளைக்கு 200 மில்லி கிட்ட தேவைப்படும்னு வச்சிக்கங்க, வெறும் காஞ்சத மட்டும் போட்டா அது எங்கேர்ந்து வரும்? பவுச் வாங்க முடியலன்னா காஞ்சதுலயே வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி ஊற வைங்க. மீன் வேக வச்ச தண்ணிக்கு எந்தப் பூனையும் மயங்கும், உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் இருக்கக் கூடாது, வெங்காயம் பூண்டு ரெண்டும் பூனைக்கு ஆகாது. கடலோரமா இருக்குறதால கவலை, காரப்பொடி மாதிரி சின்ன மீனெல்லாம் கம்மி வெலைல கெடைக்குது, அத வச்சே மூணு வேளையும் ஓட்டுறவங்க உண்டு, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் போதும், மீன் சோறு மட்டும் முழு சாப்பாடு ஆகாது. கருவாடு வேணவே வேணாம், அவ்ளோ உப்பு அதுக்கு எதுக்கு?

தண்ணிக் கிண்ணத்த சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைக்காம ரெண்டு மூணு எடத்துல வைங்க, போர் தண்ணி உப்பா இருக்குற ஏரியான்னா நீங்க குடிக்கிற கேன் தண்ணியையே ஊத்துங்க. லிட்டர் ட்ரே எத்தன பூனையோ அதவிட ஒண்ணு கூட.

'கருத்தடை பண்ணதாலதான் பாதை சுருங்கி அடைச்சிக்குது'ன்னு ஒரு பேச்சு உண்டு. அளந்து பாத்த ஆராய்ச்சிகள்ல அப்படி வித்தியாசம் தெரியல. ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாட்ட அளக்காம போட்டு குண்டாக்கி விடுறோம்ல, அதான் ஆபத்து. டெய்லி கொஞ்ச நேரம் ஒரு கயிற ஆட்டி இழுத்து அதத் தொரத்தி ஓட விடுங்க.

அப்புறம் ஸ்ட்ரெஸ். தீபாவளி வெடி, வீடு மாத்துறது, புதுப் பூனை, கல்யாண வீட்டுக் கூட்டம் எல்லாமே இதுல சேரும். நம்ம ஊருக்குன்னு ஸ்பெஷலா புயல் வேற. மண்ணுல போய்ப் பழகுன பூனை மழை பெஞ்சா வெளில போகாம அடக்கிக்கிட்டே கெடக்கும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரையைக் கடந்தப்போ தெருவெல்லாம் தண்ணி, அந்த மாதிரி நாள்ல அடைச்சா ஆஸ்பத்திரிக்கு போகவே வழி இருக்காது. ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடியே உள் ட்ரேக்குப் பழக்கி, லிட்டர் ஒரு மூட்டை கூடுதலா வாங்கிப் போட்டுடுங்க.

இவ்ளோ பாத்தும் திரும்பத் திரும்ப அடைக்கிற பூனைகளும் இருக்கு. அதுங்களுக்கு அந்தக் குறுகலான நுனிய எடுத்துட்டு பாதைய அகலமாக்குற ஆபரேஷன் ஒண்ணு உண்டு, பி.யூ. சர்ஜரின்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் அடைக்கிறது ரொம்பவே கொறையும், ஆனா கிருமி ஏறுற வாய்ப்பு கூடும், அதனால அப்பப்போ யூரின் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும். கல்லு உருவாகுறத அது தடுக்காது, ஈரச் சாப்பாடு அப்பவும் தொடரணும். புண்ணு ஆறுற வரைக்கும் மணலோ லிட்டரோ ட்ரேல போடாதீங்க, ஒட்டிக்கும், பழைய நியூஸ் பேப்பர கிழிச்சுப் போட்டா போதும்.