ரிம்ஃபயர் கன்வெர்ஷன் கிட்: பிஸ்டலில் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய காலிபர் (குழல் விட்டம்) பிஸ்டலின் ஸ்லைடு (சுடும்போது பின்சென்று திரும்பும் மேற்பகுதி), குழல், மேகசின் (தோட்டாப் பெட்டி) ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் .22 எல்ஆர் எனும் சிறிய ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும்) தோட்டாவுக்கான பாகங்களை மாட்டிப் பழகும் முறை புதிதன்று. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் தனது 1911 வகைப் பிஸ்டலுக்கு இத்தகைய கன்வெர்ஷன் கிட்டை (மாற்றுப் பாகத் தொகுப்பை) 1930களிலேயே விற்றது. பழகிய பிடியிலும் விசையிலும் (டிரிகரிலும்) குறைந்த செலவில் பயிற்சி பெறலாம் என்பதே இதன் பயன். ஆனால் வாங்குவோர் பெட்டியில் புதிதாக வரும் பாகங்களை மட்டுமே ஆராய்கிறார்கள். ஃப்ரேமில் (பிடியுள்ள அடிச்சட்டத்தில்) பழையபடி தங்கிவிடும் எஜெக்டர் (வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் பாகம்), ஹேமர் (சுடுவதற்கு அடி கொடுக்கும் சுத்தி), அதன் ஸ்பிரிங் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்குவது முதல் தவறு. கிளாக் பிஸ்டல்களுக்கான கிட்டுகள் அளவுக்கும் தலைமுறைக்கும் ஏற்பத் தனித்தனியாக விற்கப்படுகின்றன. கிளாக் 17 மாடலுக்கு உரியது கிளாக் 19இல் அமராது. 1911 என்பதோ பல நிறுவனங்கள் தயாரிக்கும் வடிவம். .45 ஃப்ரேமின் எஜெக்டரும் 9 மி.மீ. ஃப்ரேமின் எஜெக்டரும் ஒன்றல்ல என்பதால், .45க்காகச் செய்த கிட் 9 மி.மீ. ஃப்ரேமில் இடிக்கலாம் அல்லது வெற்றுக் கூட்டைச் சரியாக வெளியே தள்ளாமல் போகலாம்.

செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 75க்குரிய கடெட் கிட்டில் நிலைமை வேறு. அது பல ஃப்ரேம்களில் நேரடியாக இறங்காது; சிறிது அராவிப் பொருத்த வேண்டியிருக்கும். அப்போது அராவ வேண்டியது கிட்டை மட்டுமே. ஃப்ரேமில் அரத்தை வைத்தால், மூலக் காலிபருக்குத் திரும்பும்போதும் அந்தத் தேய்மானம் துப்பாக்கியிலேயே நின்றுவிடும். அளந்து அளந்து அராவப் பொறுமை இல்லாதவர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது ஸ்பிரிங். .45 தோட்டாவின் குண்டு வழக்கமாக 230 கிரெயின் (ஒரு கிராம் சுமார் 15 கிரெயின்) எடை கொண்டது; .22 எல்ஆர் குண்டோ ஏறத்தாழ 40 கிரெயின்தான். அவ்வளவு சிறிய உந்துவிசையால் கனமான எஃகு ஸ்லைடைப் பின்தள்ள முடியாது என்பதால், பல கிட்டுகளில் அலுமினிய ஸ்லைடும் மென்மையான ரீகாயில் ஸ்பிரிங்கும் (பின்சென்ற ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில்) வருகின்றன. பழைய ஸ்பிரிங்கை அதில் மாட்டினால் ஸ்லைடு முழுமையாகப் பின்செல்லாது. ஹேமர் ஸ்பிரிங்கோ இருபுறமும் சிக்கல் தரும்: போட்டிக்காக அதை மென்மையாக்கியிருந்தால், விளிம்பிலுள்ள வெடிமருந்தை எரியவைக்கப் போதுமான அடி விழாது, மிகக் கடினமாக இருந்தால், பின்செல்லும் ஸ்லைடால் ஹேமரை மடக்க முடியாது.

கையிலிருக்கும் எந்தத் தோட்டாவையும் போட்டுவிட்டுக் கிட்டைக் குறைசொல்வதும் உண்டு. மெதுவான வகைத் தோட்டாக்கள் பல கிட்டுகளை இயக்குவதில்லை. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வகையிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை மேகசினில் ஒன்றிரண்டு மட்டும் நிரப்பிச் சோதியுங்கள். ஸ்லைடு முழுதாக மூடாவிட்டால் உள்ளங்கையால் அடித்து மூடவே கூடாது. விளிம்பு நசுங்கினாலே ரிம்ஃபயர் தோட்டா வெடிக்கக்கூடும். சுட்டும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது வினாடியாவது காத்திருந்து, பிறகே திறக்க வேண்டும்.

பொருத்திய பின், தோட்டா இல்லாத வெறும் அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையும், தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதிக்காத வரை, விட்டுவிட வேண்டும். பல ரிம்ஃபயர் வடிவங்களில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அறையின் விளிம்பிலேயே மோதி அதைப் பள்ளமாக்கிவிடும், பிறகு தோட்டா உள்ளே சீராக நுழையாது.