பாய்மரப் படகுல தீவு தீவா போவோம், ஈட்டிய கடைசியா எடுப்போம்

பாய்மரப் படகு, டைவிங், ஈட்டியால மீன் பிடிக்கிறது, இதுல புதுசா ஆர்வம் வந்தவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "அண்ணே, ஸ்பியர் கன் (ஈட்டித் துப்பாக்கி) எது வாங்கலாம்?" அதுக்கு பதில் கீழ கடைசிலதான் வரும், ஏன்னா இதுல வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல நீச்சல், அப்புறம் படகு, அப்புறம் டைவிங், இதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஈட்டி. பினாங்குல இருந்து நாலஞ்சு கூட்டாளிங்க சேந்து புலாவ் பாயார் தீவு வழியா லங்காவி வரைக்கும் போறதா வெச்சுக்கிட்டு சொல்றேன், கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கவங்களும் வந்து சேந்துக்கலாம்.

படி 1: எந்த மாசம் போறது

டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் நமக்கு நல்ல காலம். அப்போ வடகிழக்கு மான்சூன் அடிக்கும், கிழக்குக் கரைல ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுங்க எல்லாம் கடல் கொந்தளிச்சுக் கிடக்கும், ஆனா நம்ம மேற்குப் பக்கத்துக்கு தீபகற்பமே மறைப்பா நிக்குறதால காத்து சீரா வரும், மழை கம்மி, அலையும் சின்னது. தைப்பூச லீவோட ரெண்டு நாள் சேத்து எடுத்தா சரியா அமையும், ஆனா அந்த நேரம் படகு கிடைக்கிறது கஷ்டம், முன்னாடியே புக் பண்ணிடுங்க.

ஏப்ரலுக்கு மேல நவம்பர் வரைக்கும் சுமாத்ரான்னு ஒரு புயல் காத்து வரும், ராத்திரில மலாக்கா நீரிணை மேல மேகம் திரண்டு விடியக்காலைல கரையப் பாத்து ஓடி வரும், அஞ்சு நிமிசத்துல 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்துல காத்து அடிச்சு நங்கூரத்தையே பேத்துடும். கப்பல்காரங்களே அதுக்கு மரியாதை குடுப்பாங்க. முதல் தடவை போறவங்க அந்த மாசங்கள விட்டுடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மெட்மலேசியா (மலேசிய வானிலைத் துறை) சொல்ற கடல் வானிலைய மூணு நாள் தொடர்ந்து பாருங்க, ஒரு நாள் பாத்தா பத்தாது, காத்து எந்தப் பக்கம் மாறுதுன்னு அப்பத்தான் பிடிபடும்.

படி 2: யாரக் கூட்டிட்டுப் போறது

நீச்சல் தெரியாதவங்கள தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போகாதீங்க, எவ்ளோ நெருங்கின கூட்டாளியா இருந்தாலும் சரி. 200 மீட்டர் நிக்காம நீந்தணும், 10 நிமிசம் கால் ஊணாம தண்ணில மிதக்கணும், டைவிங் கோர்ஸ்லயும் இதத்தான் டெஸ்டா வைப்பாங்க. வீட்டுல அம்மா "கடலா, வேணாம்டா"ன்னு சொன்னாங்கன்னா அவங்கள உக்கார வெச்சு எங்க போறோம், யாரு கேப்டன், எப்ப திரும்புவோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இத சும்மா சமாதானத்துக்குச் சொல்லல, கரைல ஒரு ஆள்கிட்ட நம்ம பயணத் திட்டம் இருந்தே ஆகணும், சொன்ன நேரத்துக்கு தகவல் வரலன்னா அவங்கதான் 999 அடிக்கணும்.

படகுல ஒரு விதி வெச்சுக்கோங்க, யாராவது ஒருத்தர் "வேணாம், நான் இறங்கல"ன்னு சொன்னா ஏன்னு கேக்கக் கூடாது, கிண்டல் பண்ணவும் கூடாது. நம்ம பசங்க கூட்டத்துல "பயந்துட்டியா மச்சான்"ன்னு ஒரு வார்த்தை போதும், மனசில்லாதவன் தண்ணில குதிச்சிடுவான். அந்த வார்த்தைய படகுத் துறைலயே விட்டுட்டு ஏறுங்க.

படி 3: படகு

சொந்தப் படகு, கேப்டன் இல்லாம வாடகைக்கு எடுக்குறது, இதெல்லாம் இப்போதைக்கு வேணாம். ஸ்கிப்பரோட (கேப்டனோட) சேத்து வாடகைக்கு எடுங்க. லங்காவில வாடகைப் படகுங்க நிறைய கிடைக்கும், அங்க போய் ஏறிக்கிட்டா பயணம் இன்னும் சுலபம். பினாங்குல இருந்தே போறதுன்னா கிட்டத்தட்ட 60 கடல் மைல், பாய்மரப் படகு மணிக்கு 5, 6 நாட்தான் போகும், அதனால 10ல இருந்து 12 மணி நேரம் ஆகும். விடியக்காலைல கிளம்புங்க, இருட்டுறதுக்குள்ள நங்கூரம் போட்டுடணும், ராத்திரில விளக்கு சரியா இல்லாத மீன்பிடிப் படகுங்களும் மிதக்குற வலைங்களும் இந்தப் பக்கம் அதிகம், ப்ரொப்பெல்லர்ல வலை சுத்திக்கிட்டா அந்த இருட்டுல யாரு இறங்கி அறுக்கிறது.

கட்டமரான் ரெண்டு அடிப்பாகம் இருக்கறதால சாயாது, வாந்தி கம்மி, இடம் ஜாஸ்தி. ஒத்த அடிப்பாகம் உள்ளது சாயும், ஆனா பாய் எப்படி வேலை செய்யுதுன்னு உடம்புலயே தெரியும், கத்துக்கணும்னு வந்தவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

ஏறினதும் ஸ்கிப்பர்கிட்ட கேட்டு நாலு விஷயம் தெரிஞ்சுக்கோங்க: லைஃப் ஜாக்கெட் எங்க, தீயணைப்பான் எங்க, கேஸ் வால்வ எப்படி மூடுறது, விஎச்எஃப் ரேடியோல சேனல் 16ல எப்படி உதவி கேக்குறது. எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்கணும், ஸ்கிப்பரே தண்ணில விழுந்தா அப்புறம் யாரு கூப்புடுவா. முடிச்சுல பவ்லைன் ஒண்ணு, க்ளீட்ல (படகுல கயிறு கட்டுற கொம்பு) கயிறு சுத்துறது ஒண்ணு, இந்த ரெண்டையும் வீட்டுல டிவி பாத்துக்கிட்டே பழகிடுங்க, கண்ண மூடிக்கிட்டும் போட வரணும்.

பாய் பத்தி ஒரே ஒரு விஷயம் இப்போதைக்கு. காத்து வர்ற திசைக்கு நேரா எந்தப் பாய்மரப் படகும் போகாது, ரெண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி விட்டு வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும். பாய் படபடன்னு அடிச்சா கயித்த இழுங்க, படபடப்பு நிக்குற இடத்துல இழுக்குறத நிறுத்திடுங்க. பாய் பக்கம் மாறும்போது அதக் கீழ பிடிச்சிருக்கிற கட்டை வேகமா திரும்பும், ஸ்கிப்பர் குரல் குடுத்ததும் தலைய குனிஞ்சுடுங்க.

சாப்பாட்டுக்கு முதல் நாள் நாசி கண்டார் சாப்பாட்ட தபாவ் (பார்சல்) பண்ணிக்கோங்க, மத்த நாளுக்கு அரிசி, நெத்திலி, சம்பல், ரசப்பொடி போதும். குடிக்கிற தண்ணி மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், அதுக்கு மேல ஒரு நாள் உபரி. வாந்தி மாத்திரைய கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடுங்க, குமட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டா நிக்காது.

படி 4: நங்கூரம்

மணல்ல மட்டும்தான் போடணும். பவளத்து மேல விழுந்த நங்கூரமும் சங்கிலியும் ஒரு ராத்திரில அரைச்சுத் தள்ளுறது திரும்ப வளர பல வருசம் ஆகும், அதனால கண்ணாடி போட்டு ஒருத்தர் இறங்கி கீழ பாத்துட்டு அப்புறம் போடுங்க. சங்கிலின்னா ஆழத்துக்கு நாலு மடங்கு, கயிறுன்னா ஏழு மடங்கு விடணும், ஆழத்த கணக்குப் போடும்போது ஓதத்துல கடல் மட்டம் ஏறுறதையும் சேத்துக்கணும், அமாவாசை பௌர்ணமி சமயத்துல நீரோட்டமும் வேகம், ஏத்த இறக்கமும் அதிகம். போட்ட பிறகு கரைல ரெண்டு அடையாளம் பாத்து வெச்சுக்கோங்க, அரை மணி நேரத்துல அது நகந்தா நங்கூரம் இழுபடுதுன்னு அர்த்தம்.

தங்க இடம்னா லங்காவிக்குத் தெக்க டாயாங் புந்திங், சிங்கா பெசார் தீவுகளப் பாருங்க, பாறை ரெண்டு பக்கமும் உசந்து நிக்கும், நடுவுல தண்ணி அமைதியா இருக்கும். டாயாங் புந்திங்ல நன்னீர் ஏரி இருக்கு, போய்க் குளிங்க, ஆனா குரங்குங்க பைய பிடுங்கும், சாப்பாட்ட கைல எடுத்துட்டுப் போகாதீங்க.

படி 5: டைவிங்

ஓப்பன் வாட்டர் சர்டிஃபிகேட் எடுத்துட்டு வாங்க, மூணு நாலு நாள் கோர்ஸ், 18 மீட்டர் வரைக்கும் இறங்கலாம். பாயார்தான் நம்ம பக்கத்துல நல்ல இடம், பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங்னு நாலு தீவு சேந்த மெரின் பார்க் (கடல் பூங்கா). தண்ணி எல்லா நாளும் தெளிவா இருக்கும்னு நெனச்சுட்டுப் போகாதீங்க, மலாக்கா நீரிணை சேறு கலந்த கடல். ஆனா பாயார் கரையோரம் முழங்கால் தண்ணில சின்னச் சின்ன கருந்துடுப்புச் சுறா சுத்துறதப் பாத்தா அந்தக் கவலை போயிடும்.

ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குறப்பவும், கடல் மேல இருக்கிற காத்தழுத்தம் எவ்ளோவோ அவ்ளோ அழுத்தம் கூடும். அதனால காது வலிக்கிறதுக்கு முன்னாடியே மூக்க பிடிச்சு மெதுவா ஊதி சமப்படுத்தணும், வலி வந்த பிறகு ஊதக் கூடாது, மேல ஏறி திரும்ப முயற்சி பண்ணுங்க. சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு இறங்காதீங்க. டேங்க் போட்டிருக்கும்போது மூச்ச அடக்கவே கூடாது, ஏறும்போது நுரையீரல்ல இருக்கிற காத்து விரியும். நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகமா ஏறாதீங்க, 5 மீட்டர்ல மூணு நிமிசம் நில்லுங்க. வேகமா ஏறினா வர்ற டைவிங் நோய்க்கு அழுத்த அறை லூமுட் ராணுவ ஆஸ்பத்திரில இருக்கு, அவ்ளோ தூரம் போற நிலைமை வராம பாத்துக்கணும்.

கேஎல் கூட்டாளிங்க லங்காவில இருந்து ஃப்ளைட் ஏறுவாங்க இல்ல, பல டைவ் பண்ணியிருந்தா கடைசி டைவுக்கு அப்புறம் 18 மணி நேரம் கழிச்சுத்தான் ஏறணும். டிக்கெட் போடும்போதே இத யோசிங்க.

ஜெல்லி மீன் கொட்டினா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, வினிகர் ஊத்துங்க. பினாங்கு கடல்ல பாக்ஸ் ஜெல்லியும் இருக்கு, முழு உடம்ப மூடுற சூட் போட்டுக்கிட்டா பாதிப் பிரச்சினை வராது. கல்மீன் குத்தினா தாங்குற அளவு சூடான தண்ணில, சுமார் 45 டிகிரி, அந்த இடத்த முக்கி வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.

படி 6: இப்போதான் ஈட்டி

முதல்ல சட்டம். 1985 மீன்வளச் சட்டப்படி மெரின் பார்க்குக்குள்ள ஈட்டி, ஸ்பியர் கன், ஹார்ப்பூன் எதாலயும் மீன் பிடிக்கக் கூடாது, பாயாரும் அதுல அடக்கம், தீவச் சுத்தி 2 கடல் மைல் வரைக்கும் பார்க்தான். எல்லை தாண்டி தாய்லாந்து பக்கம் தாருதாவ் மாதிரி தேசியப் பூங்காக்கள்லயும் மீன் பிடிக்கக் கூடாது. மத்த இடத்துல அனுமதி எப்படின்னு கிளம்புறதுக்கு முன்னாடி ஜபாத்தான் பெரிக்கானான்ல (மீன்வளத் துறை) நேரா கேட்டுட்டுப் போங்க, படகுக்காரர்கிட்டயும் கேளுங்க. பாயார் போற பயணத்துல ஈட்டிய வீட்டுலயே வெச்சுட்டு வாங்க, அதான் நல்லது.

டேங்க் போட்டுக்கிட்டு ஈட்டி எடுக்காதீங்க, மூச்சப் பிடிச்சு இறங்குறவனுக்கும் மீனுக்கும் நடுவுல இருக்கிற நியாயம் அதுல இல்ல. டைவ் பண்ண அன்னைக்கு மூச்சப் பிடிச்சு ஆழம் இறங்குறதும் கூடாது, உடம்புல நைட்ரஜன் மிச்சம் இருக்கும். ஈட்டிக்கு, பாயார் போகாத வேற பயணத்துல தனி நாள் ஒதுக்குங்க.

இதுல ஆள் போறது பெரும்பாலும் மயக்கத்துலதான். மூச்சு முட்டுதேன்னு நமக்குத் தோணுறது கரியமில வாயு ஏறுறதால. குதிக்கிறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு விட்டா அந்த வாயு குறைஞ்சு எச்சரிக்கையே வராது, ஆனா ஆக்ஸிஜன் மட்டும் தீந்துகிட்டே இருக்கும். மேல ஏறும்போது கடைசி 10 மீட்டர்ல அழுத்தம் பாதியா குறையும், அங்கதான் சுவிட்ச் அணைஞ்ச மாதிரி நினைவு போகும், வலி கிடையாது, முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. அதனால வேகமா மூச்சு விடவே கூடாது. ஒருத்தர் கீழ, ஒருத்தர் மேல, ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கக் கூடாது. மேல வந்த பிறகும் 30 விநாடி அவர் முகத்தையே பாத்துக்கிட்டு இருங்க, பல தடவை மேல வந்து ரெண்டு மூச்சு விட்ட பிறகுதான் மயங்குவாங்க. மயங்கினா முகத்த தண்ணிக்கு மேல பிடிச்சு மாஸ்க்க கழட்டி கண்ணச் சுத்தி ஊதி பேரச் சொல்லிக் கூப்புடணும். கீழ இருந்த நேரத்துக்கு குறைஞ்சது ரெண்டு மடங்கு மேல ஓய்வு எடுங்க. ஆரம்பத்துல 5 மீட்டர் போதும். நீச்சல் குளத்துல பழகினாலும் ஒத்தைல பழகாதீங்க, நீச்சல் நல்லாத் தெரிஞ்சவங்களும் குளத்துலயே போயிருக்காங்க.

இப்போ அந்தக் கேள்வி. முதல்ல கன் வேணாம், போல் ஸ்பியர் வாங்குங்க, ட்ரிகர் இல்லாத, ரப்பர் பட்டை மட்டும் உள்ள நீள ஈட்டி. கிட்டத்துல போனாத்தான் விழும், அதனால மீன எப்படி நெருங்குறதுன்னு கத்துக்குவீங்க. அப்புறம் கன் எடுத்தாலும் நம்ம கலங்கல் தண்ணிக்கு 75ல இருந்து 90 சென்டிமீட்டர் போதும். தண்ணிக்குள்ள இறங்கினப்புறம்தான் லோட் பண்ணணும், படகு ஏறுறதுக்கு முன்னாடி இறக்கிடணும், லோட் பண்ணாத கன்னையும் ஆள் பக்கம் திருப்பக் கூடாது. கொடி கட்டின மிதவை ஒண்ணு எப்பவும் இழுத்துட்டுப் போங்க, ஸ்பீட் போட்காரன் கண்ணுக்கு நம்ம தலை தெரியாது, கொடி தெரியும்.

என்ன மீன்னு தெரியாம எதையும் குத்தாதீங்க. கிளி மீன விட்டுடுங்க, அது பவளத்து மேல படர்ற பாசிய மேயுற மீன். பெரிய களவாவையும் விடுங்க, களவா முதல்ல பெண்ணா இருந்து பெருசானப்புறம்தான் ஆணா மாறும், பெருசையே தேடி எடுத்தா அந்தப் பாறைல குஞ்சே இருக்காது. பாறை மீன், சீலா மாதிரி சுத்துற மீன்ல ராத்திரி சாப்பாட்டுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்தா போதும்.

படி 7: மீன் கைக்கு வந்த பிறகு

தாமதிக்காம கண்ணுக்குப் பின்னாடி மூளைல கத்திய இறக்கிடுங்க, துடிக்க விடக் கூடாது, சதையும் கெடும். செவுள அறுத்து ரத்தம் வடிய விட்டு, குடல எடுத்து, ஐஸும் கடல் தண்ணியும் கலந்த பெட்டில போடுங்க. ராத்திரி புளி, மஞ்சள், காய்ந்த மிளகா, கொஞ்சம் தேங்காப்பால் போட்டு குழம்பு வெச்சா மசாலா கம்மியாவே போதும், அவ்ளோ புதுசான மீனுக்கு மசாலா அதிகம் போட்டா ருசி போயிடும். சமைச்சு முடிச்சதும் கேஸ் வால்வ மூடுங்க, மாஸ்க், ஈட்டி, கத்தி எல்லாத்தையும் நல்ல தண்ணில ஒரு தடவை அலசுங்க, இல்லன்னா ரெண்டே நாள்ல துருவும்.