கிளாம்பாக்கத்திலிருந்து இரவுப் பேருந்தில் தெற்கே செல்வோருக்கு

சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுவதால், வடசென்னையில் இருப்பவர்கள் அங்கு சென்று சேரவே இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

முன்பதிவு செய்யும்போது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நடு வரிசைகளையே தேர்ந்தெடுங்கள். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு அப்பால் இருப்பதால், வேகத்தடை ஒவ்வொன்றிலும் இருக்கை தூக்கிப்போடும். முதுகுவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் அங்கே உட்கார வைக்காதீர்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது உணவுக்காக நிறுத்தும் இடத்தில்தான். நள்ளிரவில் சாலையோர உணவகத்தின் முன் ஒரே நிறத்தில் ஏழெட்டுப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். இறங்கியவுடன் பதிவெண் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஒருமுறை என் தாயார் வேறொரு பேருந்தில் ஏறி, தமது இருக்கையில் யாரோ போர்த்திக்கொண்டு உறங்குவதைக் கண்டு பதறிப்போனார். அன்று முதல் எங்கள் வீட்டில் படமெடுக்காமல் யாரும் இறங்குவதில்லை.

வழியில் இறங்குபவர்களுக்கு இன்னொன்று: திருநெல்வேலி, நாகர்கோவில் பேருந்துகளில் பல, மதுரை மாட்டுத்தாவணிக்குள் நுழையாமல் புறவழிச்சாலையிலேயே சென்றுவிடும். அதிகாலை மூன்று மணிக்கு இருட்டில் நிற்க நேராதபடி, எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதை ஏறும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, அழைத்துச் செல்ல வருபவர்களுக்கும் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்.