கரையிலிருந்து படகுக்கு நெட்: மேட்டூர்த் தண்ணியில் பழகிக்கிட்டுக் கடலுக்குப் போங்க

எனக்குக் கோபிச்செட்டிபாளையமுங்க. கடம்பூர் மலை ஊர்களுக்குக் கீழிருந்து டிஷ் வெச்சு நெட் இழுத்துக் கொடுக்கிறது தொழில். நாகப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுற நண்பர் ஒருத்தர், "கொஞ்ச தூரம் உள்ளே போனாலே டவர் கிடைக்கலண்ணா. திடீர்னு காத்து மாறினா எங்களுக்கு யாரு சொல்லுவா? ஒரு வழி பண்ணுங்க" என்றார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடலை. மலைக்குப் பயன்படுத்தின சாமானையே தூக்கிக்கிட்டுப் போய் மாட்டினேன். கரை கண்ணுக்குத் தெரியும்போதே லிங்க் விட்டு விட்டு வந்தது.

மலையில் ரெண்டு முனையும் அசையாது. கடலில் ஒரு முனை ஆடிக்கிட்டே இருக்கும். நடுவில் இருக்கிற தண்ணி கண்ணாடி மாதிரி சிக்னலைத் திருப்பி அடிக்கும். இந்த ரெண்டையும் சமாளிக்கிறதுதான் மொத்த வேலையும்.

முதலில் உயரக் கணக்கு. கரை ஆன்டெனா தண்ணி மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலம், படகு ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலம், ரெண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்குங்க. பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் வரும். கரையில் 45 மீட்டர், படகில் 6 மீட்டர் என்றால் ஏறக்குறைய 38 கிலோமீட்டர். கையில் மூணு மீட்டர் குழாய் கூடுதலா இருந்தால் அதைப் படகில் போடுங்க. அங்கே ரெண்டேகால் கிலோமீட்டர் கூடும். கரை டவரில் போட்டால் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனால் அந்தக் கடைசி எல்லையை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. நான் 20 கிலோமீட்டருக்குத்தான் திட்டம் போடுவேன்.

அடுத்தது ஆட்டம். நான் முதலில் படகில் மாட்டினது 12 டிபி ஆம்னி, சுத்திலும் எல்லாத் திசையிலும் வீசுற ஆன்டெனா. கெயின், அதாவது சிக்னலைக் குவிக்கிற பலம் (டிபி அதுக்கு அளவு), அதிகம்னு வாங்கினேன். அந்த மாதிரி ஆம்னி மேலும் கீழுமா ஏழு டிகிரி அளவுக்குத்தான் விரியும். வலை இழுக்கும்போது படகு பதினஞ்சு டிகிரி சாயுது. ஒவ்வொரு சாய்வுக்கும் லேப்டாப்பில் சிக்னல் கிணத்து வாளி மாதிரி இறங்கி ஏறினதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இப்போ படகுக் கம்பத்தைச் சுத்தி நாலு பேனல் ஆன்டெனா வைக்கிறேன். ஒவ்வொண்ணும் பக்கவாட்டில் 90 டிகிரி, மேல்கீழா 30 டிகிரி விரியும். கெயின் 11 டிபி. படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பேனல் கரையைப் பார்க்கும்.

இனி தண்ணிக்கு வருவோம். இதைத்தான் மேட்டூரில் கத்துக்கிட்டேன். பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் பக்கத்தில், தண்ணி மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வெச்சேன். மோட்டார் படகில் 4 மீட்டர் கம்பம். மூணு கிலோமீட்டர் தாண்டினதும் லிங்க் அறுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா திரும்ப வந்தது. நாலு தடவை போய் வந்தோம், நாலு தடவையும் அதே இடம். "ஏனுங்க, இந்த எடத்துக்கு வந்தாலே உங்க மெசினு செத்துப்போகுதுங்களா?" என்று படகுக்காரர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு உயரத்தையும் பெருக்கி, ரெட்டிப்பாக்கி, அலைநீளத்தால் வகுக்கணும். என் ரேடியோ ஓடுற 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 5.17 சென்டிமீட்டர். விடை 3.1 கிலோமீட்டர். நேரா வர்ற அலையும் தண்ணியில் பட்டு வர்ற அலையும் அந்தத் தூரத்தில் ஒண்ணையொண்ணு அழிச்சுக்குது. அதில் பாதித் தூரத்தில், மூணில் ஒரு பங்குத் தூரத்தில் என்று உள்ளேயும் இப்படிச் சிக்னல் செத்துப்போற இடங்கள், அதாவது குழிகள், உண்டு. அணை இறங்கி, முழுகிக் கிடக்கிற பழைய கோயில் நந்தி தலைகாட்டுற காலத்தில் கரை ஆன்டெனா தண்ணியிலிருந்து இன்னும் உசந்துபோகும், குழியும் தள்ளிப்போகும். கடலில் ஓதமும் சிறு அளவில் அதையே செய்யும்.

கரையில் 45, படகில் 6 என்றால் கடைசிக் குழி ஏறக்குறைய 10.4 கிலோமீட்டரில் விழும். பவரைக் கூட்டி இதை நிரப்ப முடியாது. கரை டவரிலேயே 30 மீட்டரில் இன்னொரு செக்டர் (ஒரு பக்கமா விரிச்சு வீசுற ஆன்டெனா) வைங்க, சேனலை மாத்தி. மேலது குழியில் விழும் 10.4-லும் 5.2-லும் கீழது பலமா இருக்கும். செலவும் டவரில் ஒரு தடவைதான். படகுகளுக்குச் செலவு எதுவும் ஏறாது.

பவர் விஷயத்தில் சட்டத்தை மதிக்கணும். 2018 அறிவிப்புப்படி 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் வேண்டாம். ஆன்டெனா கெயினையும் சேர்த்து 36 டிபிஎம், அதாவது 4 வாட், உச்சம். செக்டர் 17 டிபி என்றால் ரேடியோவை 19-ல் நிறுத்தணும். 20 கிலோமீட்டர் காற்றில் 134 டிபி கரையும். 36-லிருந்து அதைக் கழிச்சு, படகின் 11-ஐக் கூட்டினால் படகுக்கு வந்து சேர்ற சிக்னல் மைனஸ் 87 டிபிஎம். இது மெலிசுதான். அதனால் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10 ஆக்குங்க. இரைச்சல் 3 டிபி குறையும். ஸ்பீட் பாதியானாலும் வானிலைப் படத்துக்கும் வாட்ஸ்அப் அழைப்புக்கும் போதும்.

ரேடியோவின் தூர செட்டிங்கை, 20-ஐவிடக் கொஞ்சம் கூட்டி, 30 கிலோமீட்டருக்கு வைக்க மறந்துடாதீங்க. அத்தனை தூரம் அலை போய்த் திரும்ப 200 மைக்ரோ செகண்ட் ஆகும். வீட்டு வைஃபை அத்தனை நேரம் பதிலுக்குக் காத்திருக்காது. பல படகுகள் இருந்தால் முறை வெச்சுப் பேசுற டிடிஎம்ஏ முறைதான் சரி. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் கிராமக் கண் மையங்களுக்கும் நடுவே பெர்க்லி பல்கலைக்கழகத்தார் நீண்டதூர வைஃபை போட்டபோது இதே வழிக்குத்தான் வந்தாங்க.

கனெக்டர் ஒவ்வொண்ணையும் சுய ஒட்டு ரப்பர் டேப்பால் இழுத்துச் சுத்துங்க. கேபிள் உள்ளே நுழையும் முன் கீழ்ப்பக்கம் ஒரு வளைவு விடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும். நட்டு போல்ட் கடல் உப்பைத் தாங்குற 316 ரக ஸ்டெயின்லெஸ். நெட் வந்துடுச்சுன்னு படகில் பேசுற விஎச்எஃப் ரேடியோ செட்டைக் கழட்ட யாரையும் விடாதீங்க. ஆபத்துக்கு 16-ஆம் சேனல்தான், 156.8 மெகாஹெர்ட்ஸ்.

முதல் ஓட்டத்தில் மீன்பிடிக்கப் போகாமல், ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் சிக்னலை நோட்டில் எழுதுங்க. கணக்குப்படி வர வேண்டிய இடத்தில் குழி வந்தால் உயரம் சரி. எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு குறைஞ்சிருந்தால் திரும்பி வந்து கனெக்டரைத்தான் முதலில் அவிழ்க்கணும்.